நெருப்பில்லாமல் புகையுமா?



"நெருப்பில்லாமல் புகையாது" என்பது நம் முன்னோர் வாக்கு. கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களையும் தாயகமாகக் கொண்ட நமக்கு இப்பழமொழியை எவரும் விளக்கிக் கூறத் தேவையில்லை. நெருப்பே நம் தொழில். நெருப்பே நம் சோறு. ஐப்பசி மழை பொய்த்து, பருத்தியும் உளுந்தும் காட்டிலேயே கருகிப்போன ஆண்டுகளில், நம் வீடுகளில் உலை கொதித்தது தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்ற பெண்களின் கூலியினால்தான். அத்தகைய ஊரில் வாழ்ந்துகொண்டு, நெருப்பே இல்லாமல் புகையும் ஒரு பொருளைப் பற்றி எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது.

மின் சிகரெட் என்றும் வேப் என்றும் இதனை அழைக்கிறார்கள். சென்ற ஆண்டு நம் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய் அதனைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்ப்பவர். வெளியூர்க் கல்லூரியில் பயிலும் மகன் விடுமுறைக்கு வந்தபோது, துவைக்க எடுத்த சட்டைப் பையில் அது கிடந்ததாம். பள்ளிப் பிள்ளைகள் கோடிடும் வண்ணப் பேனாவைப் போன்ற தோற்றம், மாம்பழ மணம். "பேனான்னுதான் சாமி நெனச்சேன். எழுதிப் பாத்தா எழுதல. அவங்கிட்டக் கேட்டா, இது சிகரெட்டு இல்லம்மா, வெறும் ஆவிதான்னு சொல்லுதான். நெருப்பும் இல்ல, சாம்பலும் இல்ல. பெறகு இதுல என்ன கெடுதி இருக்கும் சாமி?" என்று கேட்டார். அதன் விலை அவருடைய நான்கைந்து நாள் கூலிக்குக் குறையாது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால், "என்ன கெடுதி?" என்ற அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளும் அதன் தந்திரமும்

முதலில் இப்பொருள் இயங்கும் விதத்தை அறிந்துகொள்வோம். குழல் போன்ற கூட்டினுள் ஒரு சிறிய லித்தியம் மின்கலமும், மெல்லிய கம்பிச் சுருளும், திரவத்தில் ஊறிய பஞ்சும் உள்ளன. வாயில் வைத்து உறிஞ்சியவுடன் கம்பிச் சுருள் சூடேறுகிறது. திரவம் நுண்துளிகளாக மாறி நுரையீரலுக்குள் செல்கிறது. அத்திரவத்தில் கிளிசரினும், புரோப்பிலீன் கிளைக்காலும், மணமூட்டும் வேதிப்பொருள்களும், பெரும்பாலும் நிக்கோட்டினும் கலந்திருக்கும். நிக்கோட்டின் என்பது புகையிலையின் உயிர்நாடி. மனிதனை அடிமையாக்குவது அதுவே. எனவே, "வெறும் ஆவிதான்" என்று அம்மகன் கூறியது உண்மையன்று. இட்லிக் கொப்பரையிலிருந்து எழுவதுதான் ஆவி. இது மருந்து கலந்த நுண்துளிப் படலம்.

புகைப் பழக்கமுள்ள ஹான் லிக் என்ற சீன நாட்டு மருந்தியலார் 2003ஆம் ஆண்டளவில் இதன் இன்றைய வடிவத்தை உருவாக்கினார். சிகரெட்டை விட்டொழிக்க உதவும் கருவி என்றே அது உலகிற்கு அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் திரவத்தை மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளும் விலையுயர்ந்த கருவிகளே இருந்தன. பின்னர் வந்தது பயன்படுத்தித் தூக்கி எறியும் வகை. இதில் திரவம் நிரப்ப வேண்டியதில்லை. பொத்தான் எதையும் அழுத்த வேண்டியதில்லை. சில நூறு முறை உறிஞ்சியபின் குப்பையில் எறிந்துவிடலாம். விலை குறைவு, நிறம் பளபளப்பு, சுவையோ மாம்பழம், தர்ப்பூசணி, பஞ்சு மிட்டாய்! ஐம்பது வயதுப் பெரியவர் புகையை விடுவதற்குப் பஞ்சு மிட்டாய்ச் சுவை எதற்கு என்று எண்ணிப் பாருங்கள். இக்கடையின் வாசல் யாருக்காகத் திறந்திருக்கிறது என்பது உடனே விளங்கிவிடும்.

இதனினும் நுட்பமான தந்திரம் ஒன்று உண்டு. ஒரு சிறுவன் முதன்முதலாகப் பீடியை இழுக்கும்போது தொண்டை எரிகிறது, இருமல் வருகிறது, கண்ணில் நீர் சுரக்கிறது. அந்த இருமல் இயற்கை நம் உடலின் வாசலில் நிறுத்தியிருக்கும் காவற்காரன். எத்தனையோ சிறுவர்கள் அந்த முதல் இருமலோடு பீடியைத் தூக்கி எறிந்து பிழைத்திருக்கிறார்கள். மின் சிகரெட்டிலோ, நிக்கோட்டினை உப்பு வடிவில் அமைத்துத் தொண்டை எரியாதபடி செய்திருக்கிறார்கள். காவற்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு வீட்டிற்குள் நுழையும் திருடனின் வேலை இது. மனித மூளை ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரை வளர்ந்து முதிர்கிறது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். அவ்வளர்ச்சிக் காலத்தில் நிக்கோட்டின் புகுந்தால், கவனம், நினைவாற்றல், மனக்கட்டுப்பாடு ஆகிய மூன்றும் பாதிப்படைகின்றன. அடிமைத்தனமும் ஆழமாக வேரூன்றுகிறது.

2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளில் வந்து விழுந்தனர். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் இவ்வாறு அனுமதிக்கப்பட்டனர் அல்லது இறந்தனர். அவர்களுள் இறந்தோர் 68 பேர். ஆராய்ந்தபோது, கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற பொருளே பெரும்பாலும் காரணம் எனக் கண்டனர். எனவே, எல்லா மின் சிகரெட்டும் இவ்வாறு கொன்றுவிடும் என்று நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. குழலுக்குள் என்ன இருக்கிறது என்பது உறிஞ்சுபவனுக்குத் தெரியாது. பல வேளைகளில் விற்பவனுக்கும் தெரியாது. இதுவே அந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் தமிழ்நாடு 2018 செப்டம்பரிலேயே மின் சிகரெட்டுக்குத் தடை விதித்தது. 2019 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று ஒன்றிய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது; டிசம்பரில் அது நாடாளுமன்றத்தின் நிரந்தரச் சட்டமாயிற்று. அதன்படி மின் சிகரெட்டை உற்பத்தி செய்தல், இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, வினியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தும் குற்றமாகும். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விற்பனைக்காகச் சேமித்து வைத்தாலே ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பயன்படுத்துகிறவனைத் தண்டிக்கும் பிரிவு இச்சட்டத்தில் இல்லை. சிலர் இதனைக் குறையென்கிறார்கள். நான் அதை விவேகமென்பேன். வலை விரித்தவனையும் வலையில் விழுந்த குஞ்சையும் ஒரே கயிற்றால் கட்டுவது நீதியாகாது. மேலும், "பிள்ளையைப் போலீஸ் பிடித்துவிடுமோ" என்று தாய் அஞ்சினால், அவள் அப்பொருளை முந்தானையில் மறைப்பாளேயன்றி மருத்துவரிடமோ ஆசிரியரிடமோ கொண்டுவர மாட்டாள். என்னிடம் வந்த தாய் அச்சமின்றி வர முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தீக்குச்சியின் சரித்திரம்

"அரசாங்கம் தடை போட்டு எந்தப் பழக்கம் நின்றிருக்கிறது?" என்று கேட்போர் பலர். அவர்களுக்கு விடை தேட நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை. அடுப்பங்கரையிலுள்ள தீப்பெட்டியே போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சிகள் வெள்ளைப் பாஸ்பரஸைக் கொண்டு செய்யப்பட்டன. எங்கே உரசினாலும் பற்றும், விலையும் மலிவு. ஆனால் அதன் நச்சுப்புகையைச் சுவாசித்த தொழிலாளருக்குப் பல் வலி தொடங்கும், ஈறு வீங்கும், பின்பு தாடை எலும்பே அழுகி உதிரும். 1888ஆம் ஆண்டு லண்டன் நகரில் தீக்குச்சித் தொழிலாளிகளான ஏழைப் பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்து தங்கள் துயரத்தை உலகறியச் செய்தனர். பின்லாந்து 1872இலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்திருந்தது. 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி அதனை ஒழிக்க உடன்படிக்கை செய்தன. நம் நாட்டில் 1913ஆம் ஆண்டு வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, தீப்பெட்டித் தொழிலை நம் கரிசல் மண்ணில் ஊன்றினார்கள் என்பது நாம் அறிந்த வரலாறு. ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். சட்டம் வந்தது 1913இல். தொழில் வந்தது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து. நம் பாட்டிமார் கையில் வந்து சேர்ந்தது, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசிய பாதுகாப்புத் தீப்பெட்டி. குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் மூன்று தலைமுறைப் பெண்கள் இடுப்பொடிந்ததுண்டு, கண் மங்கியதுண்டு, தீ விபத்துகளில் உயிர் நீத்ததும் உண்டு. ஆயினும் தாடை அழுகும் அந்நோயின் பெயரையே நம் பெண்கள் அறியார். அதற்குக் காரணம், முகந்தெரியாத மனிதர்கள் எங்கோ அமர்ந்து எழுதிய ஒரு தடைச் சட்டம். தடையால் நன்மை விளையாது என்று வேறு எந்த ஊரார் கூறினாலும் கூறட்டும், நாம் கூறலாகாது.

ஆனால் சட்டம் மட்டும் போதும் என்று கூறுவதும் பிழை. அதற்கும் நம் ஊரே சாட்சி. நான் சிறுவனாயிருந்த நாட்களில், கோழி கூவுமுன் ஊர் மந்தையில் தீப்பெட்டி ஆபீஸ் பேருந்து வந்து நிற்கும். என் வயதொத்த பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு, பாதித் தூக்கத்தில், அதில் ஏறிச் செல்வார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986இல். அச்சட்டத்திற்குப் பின்னும் அப்பேருந்துகள் வந்தவண்ணமே இருந்தன. சிவகாசிப் பகுதித் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்கள் வேலை செய்வது குறித்து உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்து, சிறுவனை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு சிறுவனுக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டுமென்று ஆணையிட்டது. அதிகாரிகள் சோதனைக்கு வந்தனர். 1982இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டம் பள்ளியில் பசி தீர்த்தது. ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். பிள்ளை படிக்கட்டும் என்று தாய்மார்கள் அரை வயிறு உண்டார்கள். இவையெல்லாம் சேர்ந்த பின்னரே அப்பேருந்து நின்றது. சட்டம் எழுதப்படும் நாளும் சட்டம் உயிர் பெறும் நாளும் ஒன்றல்ல. இடையிலுள்ள தூரத்தை நடந்து கடக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

மூன்று கேள்விகள்

மின் சிகரெட் தடைக்கு எதிராக மூன்று கேள்விகள் எழுப்பப்படுகின்றன. மூன்றும் கேட்கத் தகுந்தவையே.

முதற்கேள்வி: "ஆயிரம் நோய்களைத் தரும் சிகரெட்டையும் பீடியையும் பெட்டிக்கடையில் தொங்கவிட்டுக்கொண்டு, புதிதாக வந்ததை மட்டும் தடைசெய்வது எந்த நியாயம்?" நாடாளுமன்ற விவாதத்திலேயே இக்கேள்வி எழுந்தது. 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வயது வந்தோருள் 28.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 26 கோடியே 70 லட்சம் பேர், ஏதேனுமொரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். அவ்வாறிருக்க இத்தடை முரணாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நமக்கு மேற்கே ஆலங்குளம், முக்கூடல் பக்கம் சென்றால், மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களைத் தெருத்தெருவாகக் காணலாம். பழைய தீமை நூறாண்டு வேர் விட்ட வேலிக்கருவை. அதன் நிழலில் ஏழைகளின் குடிசைகள் இருக்கின்றன. அதனை ஒரே நாளில் பிடுங்க முடியாது. வரியாலும், எச்சரிக்கைப் படத்தாலும், மாற்றுத் தொழிலாலும் ஆண்டுதோறும் வெட்டிக் குறைக்க வேண்டும். புதிய தீமையோ நேற்று முளைத்த கன்று. பழைய கருவையை இன்னும் வெட்டி முடிக்கவில்லை என்பதற்காகப் புதுக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவானா விவசாயி?

இரண்டாம் கேள்வி: "சிகரெட்டை விட முடியாதவனுக்கு இது உதவுமென்றால், அதைத் தடுப்பது கொடுமையன்றோ?" இதில் உண்மை உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் குழுவினர், நிக்கோட்டின் ஒட்டு, மெல்லும் பசை போன்றவற்றைவிட மின் சிகரெட்டைக் கொண்டு புகையை விட்டவர்கள் அதிகம் என்றே கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்து அரசு அவ்வழியில்தான் சென்றது. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, இரு தீமைகளுள் சிறியதைப் பொறுத்துக்கொள்வது எப்போது தகும் என்பதை எங்கள் பேராசிரியர் நாட்கணக்கில் விளக்குவார். இரண்டு தீமைகளுக்கிடையே அகப்பட்டு வேறு வழியின்றி நிற்பவனுக்கே அந்நெறி பொருந்தும். இரண்டிலிருந்தும் விடுதலையாய் நிற்பவனை ஒன்றுக்குள் அழைப்பதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. நாற்பதாண்டு புகைத்த பெரியவருக்குச் சிறிய தீமையாயிருப்பது, பீடியையே தொட்டறியாத பதினாறு வயதுப் பையனுக்குச் சிறிய தீமையன்று. இல்லாத இடத்தில் புகுந்த புதுத் தீமை. பெரியவருக்கு வேறு வழிகள் உண்டு: நிக்கோட்டின் பசையும், ஒட்டும், மருத்துவரின் ஆலோசனையும், 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி உதவியும் உள்ளன.

மூன்றாம் கேள்வி: "தடை செய்தால் கள்ளத்தனமாக வருமே?" வருகிறது, மறுப்பதற்கில்லை. 2022ஆம் ஆண்டு குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் பல கோடி ரூபாய் மதிப்புள்ள மின் சிகரெட்டுகளை வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் பறிமுதல் செய்தனர். கைப்பேசியில் படம் காட்டி, கூரியரில் பொட்டலமாக அனுப்புகிறார்கள். ஆனால், தடையில்லாத நாடுகளின் கதை என்ன? இங்கிலாந்தில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர்க்கு விற்கக் கூடாது, திரவம் 2 மில்லி லிட்டருக்கு மேற்படக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. ஆயினும் அங்கே மின் சிகரெட் பிடிக்கும் சிறாருள், தூக்கி எறியும் வகையையே பெரிதும் நாடியவர்கள் 2021இல் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. 2023இல் 69 பேர். முடிவில் 2025 ஜூன் 1 முதல் தூக்கி எறியும் வகையின் விற்பனையை அவர்களும் தடைசெய்ய நேர்ந்தது. அவ்வாண்டிலேயே பெல்ஜியமும், பிரான்சும், நியூசிலாந்தும் அதே முடிவுக்கு வந்தன.

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் தெளிவானது. 2020 தொடக்கத்தில் பழச்சுவையுள்ள மாற்றுக் குப்பிகளை அங்கே கட்டுப்படுத்தினர்; ஆனால் தூக்கி எறியும் வகையை அந்நடவடிக்கையிலிருந்து விட்டுவிட்டனர். மின் சிகரெட் பிடிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவருள் தூக்கி எறியும் வகையைப் பயன்படுத்தியோர் 2019இல் 2.4 விழுக்காடு, 2020இல் 26.5 விழுக்காடு! கண்மாய்க் கரையில் ஒரு நண்டு வளை போதும், தண்ணீர் முழுவதும் அதன் வழியே போய்விடும் என்பது நம் குடியானவர்களுக்குத் தெரியும். நம் நாட்டுச் சட்டத்தில் அத்தகைய வளை இல்லை என்பது அதன் சிறப்பு. ஆனால் கரையைக் காவல் காக்க ஆள் வேண்டும்.

பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வாங்குவதும், வைத்திருப்பதும், பிடிப்பதும் 2018 முதல் குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்த குழல்கள் பரவியதால், 2025 செப்டம்பர் 1 முதல் அம்மருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துத் தண்டனைகளைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். மீண்டும் பிடிபடும் வெளிநாட்டார் வேலை அனுமதியை இழந்து நாடு கடத்தப்படவும் கூடும். கடன் வாங்கிப் பயணம் போன பிள்ளைக்கு இதனை இன்றே எழுதித் தெரிவியுங்கள்.

நம் பெட்டியும் நம் மனச்சாட்சியும்

இனி, நம் ஊரார் மட்டும் கேட்க வேண்டிய ஒரு செய்தி. தீப்பெட்டி வணிகத்தில் இருக்கும் அன்பர் ஒருவர் ஒருநாள் மகிழ்ச்சியோடு என்னிடம் கூறினார்: "மின் சிகரெட்டத் தடை பண்ணுனது நமக்கு நல்லதுதான் சாமி. அது பரவிட்டா தீக்குச்சிக்கு என்ன வேலை?"

அவருடைய கவலை எனக்குப் புரியாமலில்லை. பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்து, நம் ஆபீசுகள் பலவற்றை முடக்கியதைக் கண்டவர் அவர். தமிழ்நாட்டு முதலமைச்சர் 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியதும், 2023 ஜூன் மாதத்தில் 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், உதிரிப்பாகங்களாகக் கொண்டுவந்து பொருத்தியபோது 2024 அக்டோபரில் அவற்றிற்கும் தடை வந்ததும் நம் நினைவிலிருக்கின்றன. பெண்களின் கூலியைக் காப்பதற்காக வந்தவை அத்தடைகள். அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதில் தவறில்லை.

ஆனால் மின் சிகரெட்டை எதிர்ப்பதற்கு அந்தக் காரணத்தைக் கடன் வாங்கலாகாது. பிள்ளைகளின் நுரையீரலுக்காகப் பேசுகிறோமா, நம் தீப்பெட்டிக்காகப் பேசுகிறோமா? தீப்பெட்டிக்காக என்றால், பிள்ளை பீடி பிடிப்பதில் நமக்கு மறுப்பில்லை என்றாகிறது. அதனை எந்தத் தாய் ஏற்பாள்? நம் பெட்டி பீடிக்கட்டின் அருகில் வைத்துத்தான் விற்கப்படுகிறது என்பது உண்மை. புகைப்பவர் குறைந்தால் நம் விற்பனையும் ஓரளவு குறையும் என்பதும் உண்மை. இவ்வுண்மையை விழுங்கிக்கொண்டுதான் நாம் புகையை எதிர்க்க வேண்டும். அடுப்புக்கும், அகல் விளக்குக்கும், திருப்பலி மேடை மெழுகுதிரிக்கும் தீக்குச்சி என்றும் வேண்டியிருக்கும். அவற்றைக் கொண்டு பிழைப்போம். பிறர் நெஞ்சு எரிவதைக் கொண்டு பிழைக்க வேண்டாம். அவ்வன்பரிடம் நான் இதனைக் கூறியபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "எம் பேரனும் கோயம்புத்தூர்லதான் படிக்கான் சாமி" என்றார். அதற்குமேல் நாங்கள் வாதிடவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோரே, இப்பொருளின் முகத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பேனா, வண்ணக்கோல், கணினியில் செருகும் சிறு கருவி, விளையாட்டுப் பொருள் என எவ்வடிவிலும் அது வரும். அறையில் காரணமின்றிப் பழவாசம் வீசினால் கவனியுங்கள். கண்டால் முதலில் அடிக்காதீர்கள்; ஊர் முன் அவமானப்படுத்தாதீர்கள். அடிமைத்தனம் ஒரு நோய். நோயாளியை எவரும் அடித்துக் குணப்படுத்தியதில்லை. யாரிடம் வாங்கினாய் என்று கேளுங்கள். அந்த விடைதான் காவல் துறைக்குத் தேவை. பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கடைக்காரர்களே, சிறுவனுக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவனுக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு. பள்ளி, கல்லூரிக்கு 100 கஜ தூரத்திற்குள் சிகரெட், பீடி விற்பதே 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்திற்கு அஞ்சாவிட்டாலும், உங்கள் கடைக்கு நாளை உங்கள் பிள்ளையின் நண்பன் வருவான் என்பதையாவது நினையுங்கள்.

இளைஞர்களே, உங்கள் மண்ணையும் சற்று நினையுங்கள். கரிசல் மண் எதையும் மறுக்காமல் உள்வாங்கிக்கொள்ளும். கோடையில் வாய் பிளந்து கிடக்கும் அந்த வெடிப்புக்குள் நீங்கள் எறியும் குழல், லித்தியத்தோடும் பிளாஸ்டிக்கோடும் புதைந்து கிடக்கும். உங்கள் தாத்தா அந்த வெடிப்பில் போட்டது பருத்தி விதை.

அன்று என்னிடம் வந்த தாய்க்கு இவ்வளவு நீண்ட விடை கூற நேரமில்லை. "ஏம்மா, நீங்க அடுக்குற குச்சிலயாவது எரியும்போது நெருப்புத் தெரியும், கையச் சுட்டா உதறிடலாம். இது சுடுறதே தெரியாம சுடும்" என்றேன். அவர் தலையசைத்துக்கொண்டு, மாலையில் மகனையே அழைத்துவருவதாகச் சொல்லிச் சென்றார். வந்தார், மகனும் வந்தான். அவன் இப்போது மருத்துவரின் ஆலோசனையில் இருக்கிறான். இருமுறை விட்டு, இருமுறை மீண்டும் தொட்டிருக்கிறான். மூன்றாம் முறை முயன்றுகொண்டிருக்கிறான். நிக்கோட்டினின் பிடி அத்தகையது. ஆனால் அவன் தாயின் பிடியும் இலேசானதன்று. ஆயிரக்கணக்கான குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையில் நிறுத்தப் பழகிய விரல்கள் அவை.

அத்தகைய விரல்கள் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உள்ளன. 1913ஆம் ஆண்டுச் சட்டம் நம் பாட்டிமாரைக் காத்தது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு நம் தலைமுறைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் நம் பேரப்பிள்ளைகளைக் காக்குமா என்பதற்கு டில்லியிலிருந்து விடை வராது. நம் தெருவிலுள்ள பெட்டிக்கடையிலும், கல்லூரி விடுதியிலும், கூரியர் பொட்டலம் பிரிக்கப்படும் நம் வீட்டுத் திண்ணையிலும்தான் அவ்விடை எழுதப்படும்.